இரு நீரின் மீன் மடவை

தமிழகக் கடற்கரையில் மடவை என்றும் ஈழத்தில் மணலை என்றும் வழங்கும் மீனைக் கடல்மீன் என்றோ ஆற்றுமீன் என்றோ ஒரு சொல்லில் வகுத்துவிட இயலாது. கரைக்கு அப்பால் ஆழ்ந்த கடற்பரப்பில் முட்டையாக மிதந்து பிறக்கும் இது, விரல்நகத்தின் அளவு வளர்ந்ததும் ஆற்று முகத்துவாரங்களைத் தேடி வந்து, கழிகளிலும் காயல்களிலும் சில ஆண்டுகள் மேய்ந்து பெருத்து, இனப்பெருக்கப் பருவம் வந்ததும் பிறந்த கடலுக்கே கூட்டமாகத் திரும்புகிறது. கடலின் முழு உப்பும் மழைவெள்ளத்தின் நன்னீரும் இதன் ஒரே வாழ்நாளில் மாறிமாறி வந்து போகின்றன. அந்த மாற்றத்தைத் தாங்கும் உடலமைப்பே மடவையின் பரவலையும் பழக்கங்களையும் விளக்கும் திறவுகோலாக அமைகிறது.

வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்பெற்ற ஊத்துக்குளியிலிருந்து வங்கக் கடல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், பின்னலாடைத் தொழில் செழித்த இந்த வறண்ட மேட்டுநிலத்துக்கும் உவர்நீர் மீனுக்கும் தொடர்பு ஏதுமில்லை என்றே முதலில் தோன்றும். ஆனால் வெள்ளியங்கிரி மலையில் தோன்றித் திருப்பூரையும் ஊத்துக்குளி வட்டாரத்தையும் கடக்கும் நொய்யல், கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய ஊருக்கு அருகில் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரி கல்லணையில் பிரிந்து வெண்ணாறாகி, நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பில் மீண்டும் பிரிந்து, கோரையாறாகவும் பாமணியாறாகவும் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டை அடைகிறது. தமிழகத்தில் மடவைக்கு வாய்த்த சிறந்த மேய்ச்சல் நிலங்களுள் ஒன்று அந்தக் காடு. ஆகவே ஊத்துக்குளியின் ஓடைநீர் போய்ச் சேரும் இடங்களுள் ஒன்றிலிருந்து இந்த மீனைப் பற்றிய விளக்கத்தைத் தொடங்குவது பொருத்தமானதே.

உடலும் உறவும்

மடவைகள் யாவும் முஜிலிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்பக் கடல்களிலும் மிதவெப்பக் கடல்களிலும் பரவியுள்ள இக்குடும்பத்தில் ஏறத்தாழ 80 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பரவலானதும் அளவில் பெரியதுமான முஜில் செபாலஸ் என்னும் இனத்துக்குச் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இல் அறிவியல் பெயர் சூட்டினார். பெயரின் பின்பகுதி கிரேக்க மொழியில் தலையைக் குறிப்பது, அகன்று மேற்புறம் தட்டையான அதன் தலைக்கு ஏற்றதாக உள்ளது. தமிழகக் கரையில் இதனுடன், பெரிய செதில்களைக் கொண்ட பிளானிலைசா மேக்ரோலெபிஸ், மெல்லுடல் கொண்ட பிளானிலைசா பார்சியா, கருத்த மார்புத் துடுப்பும் சதுரமான மஞ்சள் வாலும் உடைய எல்லோகெலான் வைகியென்சிஸ், மார்புத் துடுப்பின் அடியில் நீலப்புள்ளி தாங்கிய கிரெனிமுஜில் செஹெலி ஆகிய இனங்களும் கிடைக்கின்றன. மீனவர்கள் பெரும்பாலும் இவை எல்லாவற்றையும் மடவை என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகின்றனர். இனங்கள் ஒன்றையொன்று அவ்வளவு ஒத்திருப்பதால், துடுப்புக் கதிர்களையும் செதில் வரிசைகளையும் எண்ணிப் பார்த்தே ஆய்வாளர்களும் அவற்றைப் பிரித்தறிகின்றனர்.

மடவையின் உடல் நூல் சுற்றிய கதிரைப் போல நடுவில் திரண்டு இரு முனையிலும் குறுகியது. முதுகு சாம்பல் நிறமாகவும் வயிறு வெள்ளி நிறமாகவும் இருப்பதால், மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அது கலங்கிய நீரோடும், கீழிருந்து பார்க்கும் கொடுவா மீனுக்கு ஒளிவீசும் நீர்ப்பரப்போடும் இழைந்து மறைகிறது. முதுகில் ஒன்றுக்கொன்று நன்கு விலகி நிற்கும் இரண்டு துடுப்புகளும், அவற்றுள் முன்னதைத் தாங்கும் நான்கு முட்களும் இக்குடும்பத்தின் அடையாளங்கள். பெரும்பாலான மீன்களின் விலாவில் தலையிலிருந்து வால்வரை ஓடி நீரின் அதிர்வை உணர்த்தும் பக்கக்கோடு மடவையில் வெளிப்படையாகக் காணப்படுவதில்லை. முஜில் செபாலஸின் கண்களைக் கண்ணாடி போன்ற கொழுப்புப் படலம் மூடியிருக்கிறது. இந்த இனம் ஒரு மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது எனினும் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் முழங்கை நீளத்துக்கு உட்பட்டவையே.

சேற்றை உணவாக்கும் வயிறு

பெரும்பாலான கடல்மீன்கள் பிற மீன்களையோ இறால்களையோ வேட்டையாடி வாழ, வளர்ந்த மடவை சேற்றின் மேற்படலத்தை மேய்கிறது. அழுகும் இலைத்துகள், அதில் படர்ந்த நுண்ணுயிர்கள், டயாட்டம் எனப்படும் சிலிக்கா ஓடுடைய ஒற்றைச்செல் பாசிகள், இழைப்பாசிகள் ஆகியவை சேர்ந்த மெல்லிய படலத்தை அது சிறு வாயால் உறிஞ்சி எடுக்கிறது. செவுள்களின் உட்புறத்தில் சீப்பின் பற்களைப் போல நெருங்கி அமைந்த முட்கள் உணவுத் துகள்களை நிறுத்திக்கொள்ள, வேண்டாத மணலின் பெரும்பகுதி வெளியே தள்ளப்படுகிறது. எஞ்சிய மணலும் வீணாவதில்லை. கோழியின் வயிற்றில் தானியத்தை அரைக்கும் தடித்த தசைப்பை இருப்பதைப் போலவே மடவையின் இரைப்பையின் பின்பகுதியும் தடித்த தசையால் ஆனது. விழுங்கிய மணல் அங்கே அம்மிக்கல்லாக நின்று டயாட்டத்தின் கடினமான ஓட்டை நொறுக்குகிறது. தாவர உணவு செரிக்கக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதால் குடலும் உடலைவிடப் பல மடங்கு நீண்டு, வயிற்றறைக்குள் சுருண்டு கிடக்கிறது.

இந்த உணவுமுறையின் விளைவுகள் சமையலறை வரை எட்டுகின்றன. சில நேரங்களில் மடவைக் குழம்பில் தெரியும் மண்வாடைக்குச் சேற்றிலும் நீரிலும் வாழும் சிலவகை நுண்ணுயிர்களும் நீலப்பசும் பாசிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் வேதிப்பொருள் காரணமாகிறது. முதல் மழையில் நனைந்த மண்ணிலிருந்து எழும் மணமும் அதே பொருளிலிருந்து பிறப்பதுதான். மறுபுறம், உணவுச் சங்கிலியின் அடிப்படியிலேயே மேய்வதால் மடவை பிற மீன்களை உண்ணாமலே மனிதருக்குப் புரதம் தருகிறது. கொடுவாவைக் குளத்தில் வளர்க்க மீன் உணவு வேண்டும், மடவையோ குளத்தில் தானாக விளையும் பாசியிலும் கசடிலும் பெருமளவு வளர்ந்துவிடும்.

அலையாத்திக் காட்டுக்கும் மடவைக்கும் உள்ள உறவு இங்கே தெளிவாகிறது. ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்புள்ள முத்துப்பேட்டைக் காப்புக்காட்டில் மிகுதியாக நிற்கும் வெண்கண்டல் மரங்கள் உதிர்க்கும் இலைகளை ஆடுமாடுகள் தின்று தீர்ப்பதில்லை. அவற்றின் பெரும்பகுதி உவர்நீரில் ஊறி அழுகி, பாக்டீரியாவும் பூஞ்சையும் படர்ந்த கசடாகிறது. மரத்தின் இலையை நேரடியாக உண்ண இயலாத உயிர்களுக்கு அந்தக் கசடே அன்னமாகிறது. அதை மீன்சதையாக மாற்றும் முதன்மையான உயிர்களுள் மடவையும் இறாலும் நண்டும் அடங்கும்.

உப்பைக் கையாளும் உடல்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. எலும்புள்ள மீன்களின் குருதியிலோ அதில் மூன்றில் ஒரு பங்களவே உப்பு உள்ளது. மெல்லிய சவ்வின் இருபுறமும் உப்பின் அளவு வேறுபட்டால் உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் கசியும் என்பது சவ்வூடு பரவல் எனப்படும் விதி. ஊறுகாயில் போட்ட மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதும் அந்த விதியால்தான். இதன்படி கடலில் உள்ள மீனின் உடலிலிருந்து செவுள் வழியாக ஓயாமல் நீர் வெளியேறுகிறது; அதே மீன் நன்னீருக்கு வந்தால் ஓயாமல் நீர் உட்புகுகிறது. முதல் நிலையில் மீன் வற்றும், இரண்டாம் நிலையில் ஊதும். கெண்டைக்கு நன்னீரையும் வஞ்சிரத்துக்குக் கடலையும் சமாளிக்க மட்டுமே தெரியும். மடவைக்கு இரண்டும் தெரியும்.

கடலில் இருக்கும்போது மடவை கடல்நீரைக் குடித்து இழப்பை ஈடுசெய்கிறது. நீருடன் உள்ளே வந்த மிகுதியான உப்பைச் செவுளில் உள்ள தனிவகைச் செல்கள், ஆற்றலைச் செலவிட்டு, எக்கி இறைப்பதைப் போல வெளியே தள்ளுகின்றன. நன்னீருக்கு வந்ததும் அது நீர் குடிப்பதைப் பெரிதும் குறைத்துக்கொள்கிறது. சிறுநீரகம் உட்புகுந்த நீரை மிக நீர்த்த சிறுநீராக வெளியேற்ற, செவுளின் செல்கள் திசைமாறிச் சுற்றுநீரிலுள்ள சொற்ப உப்பையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்தத் திசைமாற்றத்தைக் குருதியில் ஓடும் இயக்குநீர்கள் ஆள்கின்றன: கார்டிசால் உடலைக் கடலுக்கு ஆயத்தப்படுத்துகிறது, புரோலாக்டின் நன்னீருக்கு ஆயத்தப்படுத்துகிறது. இவ்வாறு பரந்த உப்பளவு வரம்பைத் தாங்கும் உயிர்களை அகல்உப்புத்தாங்கிகள் என்பர். வளர்ந்த முஜில் செபாலஸ் உப்பே இல்லாத நீர் முதல் லிட்டருக்கு 75 கிராம் உப்புள்ள நீர் வரை, அதாவது கடலைப் போல இருமடங்குக்கும் மேற்பட்ட உவர்ப்பு வரை காணப்பட்டுள்ளது. ஆனால் குஞ்சுகளுக்கு இத்திறன் பிறப்பிலேயே முழுமையாக வாய்ப்பதில்லை. 4 முதல் 7 சென்டிமீட்டர் நீளம் வளர்ந்த பின்னரே அது நிறைவுறுகிறது.

முத்துப்பேட்டையில் உள்ளூரார் லகூன் என்றே அழைக்கும் காயலில் வாழ இத்திறன் இன்றியமையாதது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுவெள்ளம் இறங்கி நீரை ஏறக்குறைய நன்னீராக்கிவிடும். கோடையில் ஆறுகள் வறண்டு, வெயில் ஏறி, முகத்துவாரம் மணலால் குறுகும்போது அதே காயல் கடலைவிடக் கரிக்கும். ஓராண்டுக்குள் இத்தனை மாற்றம் காணும் நீரில் பல மீன்கள் விருந்தாளிகளாக வந்து போக, மடவை குடியிருக்கிறது.

பிறப்பும் பயணமும்

எல்லா உப்பளவிலும் வாழத் தெரிந்த மடவைக்கு எல்லா நீரிலும் குடும்பம் பெருக்கத் தெரியாது. நன்னீர்க் குளத்தில் விட்டு வளர்த்தால் அது கொழுத்து வளரும், ஆனால் சினைப்பை முழு முதிர்ச்சி அடையாமல் இடையிலேயே நின்றுவிடும். மூன்று நான்கு ஆண்டுகளில் பருவமடைந்த மீன்கள் கூட்டமாகக் கடலுக்குள் சென்று முட்டையிடுகின்றன. தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களே அதற்குரிய காலம். ஒரு பெண்மீன் உடலளவைப் பொறுத்து 5 லட்சம் முதல் 20 லட்சம் முட்டைகள் வரை இடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள முட்டை, உள்ளிருக்கும் எண்ணெய்த்துளியின் உதவியால் நீரின் மேற்பரப்பில் மிதந்து, ஏறத்தாழ இரண்டு நாள்களில் பொரிகிறது. வெளிவரும் இளவுயிரி 2 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. நீரோட்டத்தோடு அலைந்து மிதவை உயிர்களை உண்டு வளரும் அது, 16 முதல் 20 மில்லிமீட்டர் நீளம் எட்டியதும் கரையை நோக்கித் திரும்பி, ஓதத்தோடு முகத்துவாரங்களில் நுழைகிறது. தாய்தந்தையின் காவல் சிறிதும் இல்லாத இப்பயணத்தில் லட்சங்களுள் மிகச் சிலவே எஞ்சுவதால்தான் முட்டைகளின் எண்ணிக்கை அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

கழியில் வளரும் மடவை நீரைவிட்டு மேலே துள்ளுவது கரையில் நிற்பவர் அனைவரும் காணும் காட்சி. கொடுவா போன்ற வேட்டை மீன்களிடமிருந்து தப்புவதற்காகவே அது துள்ளுகிறது என்பது பழைய விளக்கம். துரத்துபவர் யாருமில்லாதபோதும் அது துள்ளுவதைக் கண்ட ஆய்வாளர்கள், உயிர்வளி குறைந்த நீரில் மேலெழும்பித் தொண்டையின் மேற்பகுதியில் உள்ள அறையில் காற்றை நிரப்பிக்கொண்டு, சேற்றடியில் மேயும்போது அதைப் பயன்படுத்துகிறது என்ற கருத்தை முன்வைத்துள்ளனர். கசடு அழுகும் கழிகளின் அடிநீரில் உயிர்வளி குறைவு என்பது இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. இந்தத் துள்ளலையே மீனவர் தம் கருவியாக்கிக்கொண்டனர். கேரளக் காயல்களில் சங்கிலியை அடியில் இழுத்து மடவையைக் கலைத்து, அது துள்ளித் தோணிக்குள்ளேயே விழுமாறு செய்யும் முறை வழக்கில் இருந்தது.

பரவலும் பயனும்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 42 பாகை வரை, எல்லாப் பெருங்கடல்களின் கரைகளிலும் முஜில் செபாலஸ் காணப்படுவதாக நெடுங்காலம் நூல்கள் கூறிவந்தன. உருவில் ஒன்றாகத் தோன்றும் இம்மீன்கள் மரபணு அளவில் வேறுபட்ட பல வம்சங்கள் என்பதை அண்மைக் கால ஆய்வுகள் காட்டியுள்ளதால், ஒரே பெயரின்கீழ்ப் பல இனங்கள் மறைந்திருக்கின்றன என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. மடவைக் குடும்பம் முழுவதும் கடலையே சார்ந்தது என்பதும் பொருந்தாது. கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் வாழும் ரைனோமுஜில் கார்சுலா, புடைத்த கண்களை நீர்ப்பரப்புக்கு மேலே நிறுத்தியபடி நீந்தும் ஆற்று மடவையாகும்.

இந்தியாவின் கிழக்குக் கரையில் சிலிகா, பழவேற்காடு, பறங்கிப்பேட்டையின் வெள்ளாற்று முகம், பிச்சாவரம், முத்துப்பேட்டை என மடவையின் வாழிடங்கள் சங்கிலியாகத் தொடர்கின்றன. ஒடிசாவின் சிலிகா ஏரியில் நடந்தது இம்மீனைப் பற்றிய பாடங்களுள் முதன்மையானது. ஏரியைக் கடலோடு இணைத்த வாய்க்கால் மணலால் தூர்ந்து, உவர்ப்புக் குறைந்து, நீர்க்களைகள் பெருகி, மீன்வளம் வீழ்ந்தபோது, 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் மீன்பிடிப்பு பல மடங்காக உயர்ந்தது. அங்குள்ளோர் கைங்கா என அழைத்து விரும்பி உண்ணும் முஜில் செபாலஸ் உள்ளிட்ட வலசை மீன்களுக்கு ஏரியின் கதவு மீண்டும் திறந்ததே அதன் காரணம். தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையில் கிடக்கும் பழவேற்காட்டிலும் முகத்துவாரம் மணலால் அடைபடுவதே மீனவரின் நெடுநாள் கவலையாக உள்ளது.

மடவையை வளர்ப்பதில் எகிப்து உலகில் முன்னணியில் நிற்கிறது. அங்கு நைல் கழிமுகக் குளங்களில் கெண்டை வகைகளுடனும் திலேப்பியாவுடனும் கூட்டுமீன் வளர்ப்பு முறையில் மடவை வளர்கிறது. அங்கும் பிற நாடுகளிலும் குளங்களில் இருப்புச் செய்யப்படும் குஞ்சுகளில் பெரும்பகுதி இயற்கை முகத்துவாரங்களில் பிடிக்கப்பட்டவை என்பதால், வளர்ப்பு பெருகப் பெருக இயற்கைக் கூட்டம் குறையும் ஆபத்து உண்டு. சினையை உப்பிட்டு உலர்த்தி உயர்ந்த விலைக்கு விற்கும் தைவான், 1960களிலேயே இயக்குநீர் ஊசியால் மடவையை முட்டையிடச் செய்யும் ஆய்வைத் தொடங்கியது. அதே சினைப் பண்டம் ஜப்பானில் கராசுமி என்றும் இத்தாலியில் பொத்தார்கா என்றும் விலைபோகிறது. இந்தியாவில் 1987இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், முட்டுக்காட்டில் உள்ள தன் களநிலையத்தில் மடவையைத் தொட்டியில் பேணி இனப்பெருக்கம் செய்விக்கும் நுட்பத்தை வளர்த்தெடுத்துள்ளது. குஞ்சுகளைக் கடலிலிருந்து பறிக்காமல் பொரிப்பகத்திலிருந்து பெறும் நிலை பரவலானால்தான் இந்த மீன்வளர்ப்பு நிலைத்து நிற்கும்.

நொய்யலின் உப்பும் காயலின் உப்பும்

உப்பு நீருக்குள் என்ன செய்யும் என்பதைத் திருப்பூர் வட்டாரம் தன் அனுபவத்தால் அறிந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏற்றும்போது, நீரில் கரைந்த சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதற்காகச் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ லிட்டருக்குப் பல பத்துக் கிராம் அளவில் சேர்க்கப்படுகிறது. சாயம் துணியில் ஏறிவிடும்; உப்போ துணியில் ஒட்டாமல் முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். சென்னிமலைக்கு அருகில் 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியதும், கீழ்ப்பகுதி வயல்களும் கிணறுகளும் உவர்ந்ததும், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும், அதன் பின்னர்க் கழிவுநீரிலிருந்து நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை வலியுறுத்தப்பட்டதும் அறியப்பட்ட வரலாறு.

கடலின் உப்பையே தாங்கும் மடவை அந்த நீரையும் தாங்கியிருக்குமே என்ற ஐயம் எழலாம். உப்பின் அளவை மட்டும் நோக்கினால் அது சரியே. நொய்யலின் உவர்ப்பு மிக மோசமாக இருந்தபோதும் கடலின் உவர்ப்பைவிடப் பெரிதும் குறைந்ததுதான். ஆனால் காயலுக்கு வரும் உப்பு ஓதத்தோடு ஏறி ஓதத்தோடு இறங்குவது; மழைக்காலத்தில் வெள்ளம் அதைக் கழுவிவிடும்; அங்குள்ள மரமும் மீனும் நெடுங்காலம் அந்த ஏற்றஇறக்கத்தோடு ஒத்து வளர்ந்தவை. மேட்டுநில ஆற்றில் கொட்டப்பட்ட உப்புக்கோ திரும்பிச் செல்ல வழி கிடையாது. அது மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் தங்கிவிடுகிறது. அதோடு வரும் சாயமும் பிற வேதிப்பொருள்களும் நீரின் உயிர்வளியைக் குறைத்து ஒளியையும் மறைக்கும்போது, உப்பைத் தாங்கும் செவுளும் பயன்படாது. மடவையின் திறன் உவர்ப்பு மாற்றத்துக்கு விடையாக உருவானது. கழிவுக்கு விடையாக உருவானதன்று.

காவிரியின் பெருநீரில் நொய்யலின் பங்கு சிறிதே. எனினும் கழிமுகத்தின் நிலையை மேலேயுள்ள ஒவ்வொரு கிளையாறும் ஒவ்வோர் அணையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்ற பின் காவிரி வெள்ளத்தின் போக்கு மனிதரின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. கடைமடை வரை வரும் நன்னீர் குறையும் ஆண்டுகளில் காயலின் உவர்ப்பு உயர்கிறது, மணலைத் தள்ளி முகத்துவாரத்தைத் திறந்துவைக்கும் வெள்ளத்தின் வலுவும் குறைகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தபோது, காட்டின் இலைக்கசடை நம்பிய உணவுச் சங்கிலியும் அடிவாங்கியது. வாய்க்கால்கள் வெட்டி ஓதநீரை உள்ளே கொண்டுசென்று அலையாத்தியை மீண்டும் வளர்க்கும் முறை முன்னரே அங்கு வெற்றி கண்டுள்ளது என்பதால், காட்டை மீட்கும் வழி கைவசம் உள்ளது.

கடலில் லட்சக்கணக்கில் முட்டையிடும் மீனுக்கு அழிவு எளிதில் வராது என்று எண்ணுவது தவறு. மடவையின் வாழ்க்கை கடல், முகத்துவாரம், காயல் என்னும் மூன்று அறைகளைக் கொண்ட வீடு. நடுவிலுள்ள வாசல் அடைபட்டால் மற்ற இரண்டு அறைகளாலும் பயனில்லை. அந்த வாசலைத் திறந்துவைக்கும் வேலை முத்துப்பேட்டை மீனவருடையது மட்டும் ஆகாது. காவிரிப் படுகையில் நீரை எடுப்பவருக்கும் கழிவை விடுபவருக்கும் அதில் பொறுப்பு உண்டு, அந்தப் படுகையில் ஊத்துக்குளியும் அடங்கும்.